சேலத்தில் கேஒய்சி மேசைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வாடிக்கையாளர் எங்கே, பணம் எந்த நாடு?

சேலத்தில் ஒரு வங்கிக் கிளையிலோ நிதி நிறுவனத்திலோ பணப் பரிமாற்ற ஏஜென்சியிலோ கேஒய்சி வேலைக்கு, அதாவது வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தால், இப்படி ஒரு விண்ணப்பம் கைக்கு வர அதிக நாள் ஆகாது. நிரந்தர முகவரி ஓமலூர் பக்கம் ஒரு கிராமம். இப்போதைய முகவரி ஃபேர்லேண்ட்ஸ். வேலை துபாயில். ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம், அதன் வருமானமும் இதே கணக்குக்குத்தான் வரும். மொபைல் எண் இந்திய எண். "இவர் எந்த ஊர்க்காரர்?" என்று மேலாளர் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-இல் வந்து 2005 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தச் சட்டமும், அதன் கீழான 2005 விதிகளும், ரிசர்வ் வங்கியின் கேஒய்சி நெறிமுறைகளும் நம்மிடம் கேட்பது வாடிக்கையாளரைப் பற்றிய பல "எங்கே"களை. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

ஒரு ஆளுக்கு ஐந்து "எங்கே"

படிவம் கைக்கு வந்ததும் ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள். குடியுரிமை எந்த நாடு? அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி வசிப்பது எங்கே? வரி கட்டுவது எந்த நாட்டில்? பணம் எங்கே பிறக்கிறது? இந்தக் கணக்கை அவர் எங்கிருந்து இயக்கப் போகிறார்? ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டா, வாடிக்கையாளர் வாயால் சொன்னதா, கணினி காட்டியதா என்று தெரிய வேண்டும். ஆதாரம் இல்லாத வரி காலி வரிதான். மென்பொருளில் நாடு என்ற கட்டத்தைத் தொடாமல் விட்டால் பல இடங்களில் "இந்தியா" என்று தானாக விழுந்துவிடும். யாரும் கேட்காமலேயே பதிவான அந்த "இந்தியா"வைப் பிறகு கண்டுபிடிப்பது மிகவும் சிரமம்.

மேலே சொன்ன துபாய் வாடிக்கையாளரையே எடுத்துக்கொள்வோம். குடியுரிமை இந்தியா, அதற்குப் பாஸ்போர்ட் போதும். வேலைக்காக நாடு விட்டுப் போனவர் ஃபெமாவின் கண்ணில் வெளிநாட்டில் வசிப்பவர். ஆகவே சாதாரண சேமிப்புக் கணக்கு அவருக்கு ஆகாது. போவதற்கு முன் வைத்திருந்த கணக்கையும் என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான ரூபாய்க் கணக்காக மாற்ற வேண்டும். தோட்ட வருமானம் வர வேண்டியதும் அந்த என்ஆர்ஓவுக்குத்தான். இங்கே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: தோட்டம் எப்படி வந்தது? என்ஆர்ஐ ஒருவர் இந்தியாவில் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க ஃபெமா அனுமதிப்பதில்லை. அப்பா வழியில் வந்த சொத்து என்றால் சரி, வெளிநாடு போவதற்கு முன்பே வாங்கியிருந்தாலும் சரி. போன வருடம்தான் வாங்கினேன் என்றால் கோப்பு மேலே போக வேண்டும். ஏற்காட்டு நிலப் பரிவர்த்தனைகளில் இந்த ஒரு கேள்வியிலேயே பல முடிச்சுகள் அவிழும்.

வரிக்கான நாட்டைத் தனிப் படிவத்தில் கையெழுத்தோடு வாங்குகிறோம். வரித் தகவலைப் பகிர்ந்துகொள்ள அமெரிக்காவோடு இந்தியா 2015 ஜூலையில் செய்த ஃபாட்கா ஒப்பந்தமும், அதே நோக்கில் மற்ற நாடுகளுக்கான சிஆர்எஸ் முறையும் அதற்குக் காரணம். பிறந்த ஊர், வெளிநாட்டுத் தொலைபேசி எண், வெளிநாட்டில் உள்ள ஒருவருக்குக் கொடுத்த பவர் பத்திரம், இன்னொருவர் மேற்பார்வை (கேர் ஆஃப்) முகவரி ஆகியவை படிவத்தில் எழுதியதோடு முரண்பட்டால் விளக்கம் கேட்க வேண்டும்.

நிறுவனமாக இருந்தால் கேள்வி இன்னும் ஆழமாகப் போகும். கம்பெனியோ கூட்டு நிறுவனமோ, 10 சதவீதத்துக்கு மேல் பங்கு யார் கையில் இருக்கிறதோ அவரே உண்மை உரிமையாளர். கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டும் கம்பெனியின் பங்குகள் வேறொரு நாட்டுக் கம்பெனி பெயரில் இருந்தால், அந்தக் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் ஆளின் பெயர் தெரியும்வரை மேலே ஏறிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாட்டு ரிஸ்க் கணக்கில் கம்பெனி பதிவான நாடு, அந்த ஆளின் நாடு இரண்டுமே வரும்.

முகவரிச் சான்று: காகிதத்தில் கவனிக்க வேண்டியவை

பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம் ஆகிய ஆறும்தான் அதிகாரபூர்வ ஆவணங்கள். குடும்ப அட்டை இந்தப் பட்டியலில் இல்லை. பான் அட்டையில் முகவரியே கிடையாது. நோட்டரி முத்திரையோடு பளிச்சென்று இருக்கிறதே என்று சாதாரண வாடகை ஒப்பந்தத்தைப் புதியவர்கள் வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதுவும் ஆகாது.

ஆவணத்தில் பழைய முகவரி இருந்தால், தற்காலிகமாக மின்கட்டண பில், தொலைபேசி பில், குழாய் எரிவாயு பில், குடிநீர் பில், வீட்டு வரி ரசீது போன்றவற்றை ஏற்கலாம். பில் இரண்டு மாதத்துக்குள்ளானதாக இருக்க வேண்டும், புது முகவரியோடு அதிகாரபூர்வ ஆவணம் மூன்று மாதத்துக்குள் வந்து சேர வேண்டும். நம் ஊரில் ஈபி கணக்கெடுப்பே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். ஜனவரி 10-ஆம் தேதி பில்லை மார்ச் 12-ஆம் தேதி கொண்டு வந்தால் அது காலாவதி. வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், புதுக் கணக்கெடுப்பு முடிந்திருக்கும், அங்கேயே மொபைலில் மின்வாரிய இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பில்லில் தாத்தா பெயரோ பழைய வீட்டுக்காரர் பெயரோ இருப்பது சேலத்தில் சகஜம். அதைச் சந்தேகக் குறியாக எடுக்காதீர்கள், ஆனால் உறவு என்ன என்று கோப்பில் எழுதாமலும் விடாதீர்கள்.

கதவு எண்ணில் பழையது, புதியது இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டைத் தெருக்களில் ஒரே வீட்டுக்கு ஆதாரில் ஓர் எண்ணும் வரி ரசீதில் வேறோர் எண்ணும் வரும். இரண்டையும் பதிவு செய்யுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், அதே வீட்டில் திறந்த இன்னொரு கணக்கு கணினியில் வேறு வீடாகத் தெரியும். ஒரே முகவரியில் உறவில்லாத பத்துப் பேர் கணக்குத் திறந்திருப்பது கண்ணில் படாமலே போய்விடும்.

வெளிநாட்டில் இருந்தபடி விண்ணப்பிப்பவரின் நகல்களை யார் சான்றளித்தார்கள் என்று பாருங்கள். இந்தியத் தூதரகம், அந்த நாட்டு நோட்டரி, நீதிமன்ற மாஜிஸ்திரேட் அல்லது நீதிபதி, இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி ஆகியோர் கையெழுத்து செல்லும். கூட வேலை பார்ப்பவர் கையெழுத்து செல்லாது.

ஏற்காட்டுக்கு ஆள் அனுப்பும்போது

நேரில் பார்க்காமல் திறந்த கணக்குக்கு, முகவரியை உறுதி செய்யாமல் பரிவர்த்தனை அனுமதிக்கக் கூடாது. பழைய வாடிக்கையாளர் முகவரி மாற்றினால் இரண்டு மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். கடிதம் அனுப்பியோ, ஆளை நேரில் அனுப்பியோ, காசோலைப் புத்தகம் போன்றதைத் தபாலில் சேர்த்தோ செய்யலாம். நகருக்குள் கடிதம் போதும். மலையில் நேரில் போவதே நல்லது.

காரணம், சேர்வராயன் மலைக் கிராமங்களில் பல வீடுகளுக்குக் கதவு எண் சொல்லித் தேட முடியாது. நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி பக்கம் முகவரி என்பது எஸ்டேட் பெயரும் லைன் வீடும்தான். ஒரே எஸ்டேட் முகவரியில் இருபது தொழிலாளர் குடும்பங்கள் இருக்கலாம். கணினி அதை "ஒரே முகவரியில் பல கணக்கு" என்று அலாரம் அடிக்கும். அங்கே வேலை பார்க்கும் குடும்பங்கள்தானா என்று எஸ்டேட் மேஸ்திரியிடமோ ரைட்டரிடமோ ஒருமுறை உறுதி செய்து எழுதி வைத்தால் அந்த அலாரத்துக்கு நிரந்தர விடை கிடைக்கும். மலைவாழ் மக்களின் கணக்கை முகவரி சரியில்லை என்று முடக்கிப் போடுவது பெரிய அநியாயம். கூலியும் அரசு உதவியும் வந்து சேரும் ஒரே வழி அவர்களுக்கு அதுவாக இருக்கலாம்.

களப் பணியாளர் கொண்டு வரும் படத்தில் இருப்பிட முத்திரை இருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சேலம் நகரம் ஏறத்தாழ வடக்கு 11.66, கிழக்கு 78.15. ஏற்காடு 11.78, 78.21. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் துல்லியம், நான்கு இலக்கம் என்றால் பதினோரு மீட்டர். வீட்டைக் குறிக்க நான்கு இலக்கமாவது வேண்டும். உயரம் என்ற எண்ணையும் பாருங்கள். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் முந்நூறு மீட்டருக்குள் இருக்கிறது, ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஒட்டி இருக்கிறது. போன் காட்டும் உயரம் சில பத்து மீட்டர் முன்பின் இருக்கலாம். ஆனால் ஏற்காட்டு வீடு என்று வந்த படத்தில் உயரம் 380 என்று இருந்தால், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறாமல் அடிவாரத்திலேயே எடுத்த படம் அது. நேரத்தையும் ஒப்பிடுங்கள். நாகலூரில் ஒரு வீடு, மலையின் இன்னொரு மூலையில் ஒரு வீடு, இரண்டுக்கும் நடுவே பத்தே நிமிடம் என்றால் யாரோ ஒருவர் போகாமலே எழுதியிருக்கிறார்.

எண்கள் இடம் மாறுவதும் நடக்கும். அட்சரேகை கட்டத்தில் 78.15, தீர்க்கரேகை கட்டத்தில் 11.66 என்று போட்டால் சேலத்து வீடு ஆர்க்டிக் கடலில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் போய் விழும். போனுக்குச் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காதபோது சில செயலிகள் 0, 0 என்று எழுதிவிடும். அது மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடா. இந்த இரண்டு இடங்களிலிருந்தும் வாடிக்கையாளர் "உள்நுழைந்ததாக" அலாரம் வந்தால் முதலில் எண்களைப் பாருங்கள், பிறகு ஆளைப் பார்க்கலாம்.

போன் சொல்லும் இடத்தை எவ்வளவு நம்பலாம்

வீடியோ அழைப்பிலேயே அடையாளம் சரிபார்க்கும் வீடியோ கேஒய்சியில் வாடிக்கையாளர் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பதிவில் நேரடி இருப்பிடமும் தேதி நேரமும் இருக்க வேண்டும். வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்தோ (இணையத்தில் கருவியை அடையாளம் காட்டும் எண்) போலி ஐபியிலிருந்தோ வரும் இணைப்பைத் தடுக்கவும் வேண்டும். விதி தெளிவு. தொழில்நுட்பம் அவ்வளவு தெளிவில்லை என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஐபி முகவரி காட்டும் ஊர் பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கருவி இருக்கும் ஊர். அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் பேசுபவர் சென்னை என்றோ கோவை என்றோ தெரிவார். ஊர் பொருந்தவில்லை என்று நிராகரித்தால் சேலத்துக்காரர் பாதிப் பேருக்குக் கணக்கே திறக்க முடியாது. ஐபியிலிருந்து நாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஊரை விட்டுவிடுங்கள்.

அந்த நாடும் சில நேரம் பொய் சொல்லும். இந்திய சிம்மோடு துபாய் போய் ரோமிங்கில் டேட்டா போடுபவரின் போக்குவரத்து பெரும்பாலும் இந்திய நெட்வொர்க்குக்கே திரும்பி வந்துதான் வெளியே போகும். அவர் அபுதாபியில் இருந்தாலும் ஐபி இந்தியா என்று காட்டும். மறுபக்கம், சிங்கப்பூர் சிம்மோடு விடுமுறைக்கு ஏற்காடு வந்தவர் ஏரிக்கரையில் நின்றபடி செயலியைத் திறந்தால் சிங்கப்பூர் என்று காட்டும். இடத்தை மறைக்கும் விபிஎன் இல்லாமலே இரண்டும் நடக்கும். ஆகவே ஐபி, செயற்கைக்கோள் இருப்பிடம், போனின் நேர மண்டலம் மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதை எழுதிக்கொண்டு மேலே போகலாம். மூன்றும் மூன்று நாட்டைக் காட்டினால் பேசித் தெளிவுபடுத்தும்வரை நிறுத்தி வையுங்கள்.

கவலைப்பட வேண்டிய உருவம் வேறு. ஆத்தூரில் படிக்கும் ஒரு மாணவர் பெயரில் கணக்கு. ஆறு மாதம் அசையவே இல்லை. திடீரென்று போன் மாறுகிறது, ஒரு ரூபாய் வருகிறது, பிறகு அரை மணி நேரத்தில் வெவ்வேறு மாநிலத்திலிருந்து பதினைந்து பேர் பணம் போடுகிறார்கள், வந்த வேகத்தில் வெளியே போகிறது. உள்நுழைவு கம்போடியாவிலிருந்தோ லாவோஸிலிருந்தோ. இது வாடகைக்கு விட்ட கணக்கின் உருவம். இணைய மோசடிக் கும்பல்கள் தென்கிழக்கு ஆசியாவில் வளாகம் அமைத்து இயங்குவது உலகம் அறிந்த விஷயம். கணக்குக்காரர் கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கொடுத்திருக்கலாம். டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப் போய் அடைத்து வைக்கப்பட்டவராகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது நம் வேலை இல்லை. கண்டதை வரிசையாக, நேரத்தோடு எழுதி, அன்றைக்கே முதன்மை அதிகாரிக்கு (சந்தேக அறிக்கைகளை அரசுக்கு அனுப்பும் நம் நிறுவனப் பொறுப்பாளர்) அனுப்புவதே நம் வேலை. பணம் இழந்தவர் கிளைக்கு வந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசச் சொல்லுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

நாட்டுப் பட்டியல்: எது எதைச் சொல்கிறது

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்க 1989-இல் உருவான எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று ஆண்டுக்கு மூன்று முறை கூடி இரண்டு பட்டியல்களைப் புதுப்பிக்கிறது. இந்தியா 2010 முதல் உறுப்பு நாடு. கறுப்புப் பட்டியல் என்று நாம் பேச்சில் சொல்வதில் வடகொரியாவும் ஈரானும் நெடுநாளாக இருக்கின்றன, 2022 அக்டோபரில் மியான்மர் சேர்ந்தது. இந்தப் பட்டியலில் உள்ள நாடுகளுக்குக் கூடுதல் விசாரணை கட்டாயம். வடகொரியாவுக்கும் ஈரானுக்கும் அதற்கு மேலும் தடுப்பு நடவடிக்கைகள் உண்டு. சாம்பல் பட்டியல் அப்படியில்லை. தன் குறைகளைச் சரிசெய்வதாக ஒப்புக்கொண்டு கண்காணிப்பில் இருக்கும் நாடு என்றுதான் அதற்குப் பொருள். அந்த நாட்டுக்காரர் என்பதாலேயே கூடுதல் விசாரணை போடு என்று எஃப்ஏடிஎஃப் சொல்வதில்லை, ரிஸ்க்கை எடைபோடும்போது கணக்கில் எடு என்கிறது. பட்டியலில் இருக்கும் நாட்டோடு நியாயமான வியாபாரம் செய்யத் தடையில்லை என்று ரிசர்வ் வங்கியும் தன் நெறிமுறையில் எழுதி வைத்திருக்கிறது.

பழைய பட்டியலை வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. ஐக்கிய அரபு அமீரகம் 2022 மார்ச்சில் சாம்பல் பட்டியலில் சேர்ந்து 2024 பிப்ரவரியில் வெளியே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் சொந்தப் பட்டியலிலிருந்து அதை எடுத்தது 2025-இல். ஓமலூரிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் வளைகுடா போனவர்களின் மாதச் சம்பளம் வருவது அந்த நாட்டிலிருந்து. 2023-இல் அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தால், காரணமே இல்லாமல் ஆயிரம் குடும்பங்களின் பணத்தை நிறுத்திக் கேள்வி கேட்போம். எதிர்ப்பக்கமும் உண்டு. நேபாளம் 2025 பிப்ரவரியில் சாம்பல் பட்டியலில் சேர்ந்தது. ஏற்காட்டு விடுதிச் சமையலறையில் வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பும் நேபாளத் தொழிலாளியின் படிவத்தில் நாட்டு மதிப்பெண் ஒரு படி ஏறும். சம்பள ரசீதும் அனுப்பும் தொகையும் பொருந்தினால் அதோடு விஷயம் முடிந்தது. மறுவாழ்வு முகாமில் பல வருடமாக வாழும் இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை வரியில் இலங்கை வரும், மற்ற நான்கு வரியிலும் இந்தியாவே வரும். ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இவர்களும் ஒரு காரணம்.

எஃப்ஏடிஎஃப் பட்டியல் மட்டும் போதாது. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் தடைப் பட்டியல்கள் சட்டப்படி கட்டாயம். டாலர் பரிவர்த்தனை அமெரிக்க வங்கி வழியாகப் போவதால் அந்த நாட்டுத் தடைப் பட்டியலும் நடைமுறையில் குறுக்கே வரும். சில நிறுவனங்கள் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் ஊழல் குறியீட்டையும், சட்டவிரோதப் பணப் பரிமாற்ற ஆபத்தை அளக்கும் பாஸல் குறியீட்டையும் கலந்து மதிப்பெண் போடுகின்றன. ஊழல் குறியீட்டில் 100 என்றால் மிகச் சுத்தம், பாஸல் குறியீட்டில் 10 என்றால் மிக ஆபத்து. ஒன்றைத் திருப்பாமல் இரண்டையும் கூட்டினால் சுத்தமான நாடுகள் சிவப்பாகவும் சிவப்பு நாடுகள் பச்சையாகவும் தெரியும். எக்செல் தாளைத் தயாரித்ததும் டென்மார்க்கையும் வடகொரியாவையும் தேடிப் பாருங்கள். டென்மார்க் அடியில் இல்லாவிட்டால் சூத்திரத்தில் தவறு.

மதிப்பெண் போடும் முறை

உதாரணத்துக்கு நாடுகளை 1 முதல் 4 வரை பிரித்திருக்கிறீர்கள் என்று வைப்போம். ஒரு ஏற்றுமதியாளர்: குடியுரிமை 1, வசிப்பு 1, வரி 1, பணம் வரும் நாடு 4. சராசரி எடுத்தால் 1.75, குறைந்த ரிஸ்க். ஐந்தாவது, ஆறாவதாக இன்னும் சில "1" சேர்த்தால் இன்னும் குறையும். அதனால்தான் நாட்டு ரிஸ்க்கில் சராசரியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதிகபட்ச எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அதைக் குறைக்க நியாயம் இருந்தால் ஆவணத்தோடு எழுதி, அதிகாரி கையெழுத்தோடு குறையுங்கள். அந்த எண் வெறும் அலங்காரமில்லை. உயர் ரிஸ்க் வாடிக்கையாளருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரத்துக்கு 8 ஆண்டு, குறைந்த ரிஸ்க்குக்கு 10 ஆண்டு என்று கேஒய்சி புதுப்பிப்பு அதை வைத்துத்தான் ஓடுகிறது.

ஏற்றுமதிக் கோப்பில் பொருள் போகும் நாடு, இறங்கும் துறைமுகம், பில் யார் பெயரில் என்பது, பணம் அனுப்பும் வங்கியின் நாடு என்று நான்கையும் ஒரு வரியில் எழுதுங்கள். துண்டு, படுக்கை விரிப்பு ஒரு நாட்டுக்குப் போய், பணம் சம்பந்தமில்லாத மூன்றாம் நாட்டுக் கம்பெனியிடமிருந்து வந்தால் அந்த மூன்றாம் ஆள் யார், ஏன் கொடுக்கிறார் என்பதற்கு ஒப்பந்தம் வேண்டும். வெள்ளிக் கொலுசுத் தொழில் நம் ஊரின் அடையாளம். அங்கே நகை வியாபாரிகளுக்கும் இந்தச் சட்டம் உண்டு: 10 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கப் பரிவர்த்தனை செய்யும் விலைமதிப்பற்ற உலோக வணிகர்கள் 2020 டிசம்பர் அறிவிக்கையால் இதற்குள் வந்தார்கள்.

பணப் பரிமாற்ற ஏஜென்சியில் இருப்பவர்கள் அளவுகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனிநபர்களுக்கு வரும் பணத்துக்கான எம்டிஎஸ்எஸ் திட்டத்தில் ஒரு முறைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு ஆண்டுக்கு 30 முறை, ரொக்கமாக 50,000 ரூபாய் வரை. அளவுக்குள் இருப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. வாழப்பாடியில் ஒருவருக்கு மூன்று மாதத்தில் ஐந்து நாட்டிலிருந்து ஐந்து பேர் அனுப்புகிறார்கள், ஒருவருக்கும் உறவு சொல்லத் தெரியவில்லை என்றால் ஒவ்வொரு தொகையும் சின்னதாக இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

"சேலம்" என்ற சொல்லே தரும் அலாரங்கள்

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகள் அரபு மொழி ஆள்பெயர் ஒன்றோடு அப்படியே ஒத்துப்போகும். தடைப் பட்டியலில் அந்த ஒலிப்புடைய பெயர்கள் உண்டு. முகவரியையும் பெயரையும் ஒரே கட்டத்தில் கொட்டி அனுப்பிய பரிவர்த்தனையில், ஊர்ப்பெயரை ஆள்பெயர் என்று எண்ணிக் கணினி நிறுத்திவிடும். வங்கிகள் அனுப்பிக்கொள்ளும் பணச் செய்திகள் ஐஎஸ்ஓ 20022 என்ற சர்வதேச வடிவத்துக்கு மாறுவதால் ஊருக்கும் நாட்டுக்கும் தனித்தனிக் கட்டம் வருகிறது. வாடிக்கையாளர் தரவை இப்போதே அப்படிப் பிரித்து வைத்தால் பாதி அலாரம் குறையும்.

அமெரிக்காவில் ஆரிகன், மாசசூசெட்ஸ், இண்டியானா மாநிலங்களிலும் இதே பெயரில் ஊர்கள் இருக்கின்றன. ஆரிகனின் சுருக்கம் ஓ-ஆர், அது ஒடிசாவின் பழைய வண்டி எண் சுருக்கமும்கூட. இண்டியானாவின் சுருக்கம் ஐ-என், அது இந்தியாவின் நாட்டுக் குறியீடு. "சேலம், ஐ-என்" என்று இருப்பதை இயந்திரம் இந்தியா என்றே படிக்கும். தமிழ்நாட்டுக்கு நாம் போடும் டி-என் நாட்டுக் கட்டத்தில் விழுந்தால் துனிசியா ஆகிவிடும். அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்: நம்முடையது ஆறு இலக்கம், சேலம் 636001, ஏற்காடு 636601. அமெரிக்காவில் ஐந்து இலக்கம். நாட்டுக் குறியீட்டில் ஓர் எழுத்து வழுக்கினாலும் விபரீதம்: கே-ஆர் தென்கொரியா, கே-பி வடகொரியா, ஐ-என்னுக்குப் பக்கத்தில் ஐ-ஆர், ஈரான்.

பெயர் அலாரத்தைத் தீர்க்கும்போது முழுப் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், குடியுரிமை என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். குறைந்தது இரண்டு உறுதியான வேறுபாட்டை எழுதி மூடுங்கள். "பொருந்தவில்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு மூடக் கூடாது. உண்மையிலேயே பொருந்தினால் பரிவர்த்தனையை நிறுத்தி உடனே முதன்மை அதிகாரியிடம் கொண்டுபோங்கள். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான யுஏபிஏவின் 51ஏ பிரிவின்படி 24 மணி நேரத்துக்குள் மத்திய உள்துறையின் பொறுப்பு அதிகாரிக்குத் தகவல் போயாக வேண்டும்.

சந்தேகம் தீராதபோது

வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்வி சாதாரணமாக இருக்கட்டும்: "சார், இந்தத் தொகை எதுக்கு வந்திருக்கு? அதுக்கான காகிதம் ஏதாவது இருந்தா குடுங்க." கிடைத்த பதில் ஐந்து வரித் தாளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் உள் அறிக்கை எழுதுங்கள். சந்தேகப் பரிவர்த்தனை என்று முடிவான நாளிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் முதன்மை அதிகாரி அதை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனை, 5 லட்சத்துக்கு மேற்பட்ட எல்லை தாண்டிய மின்பரிமாற்றம் ஆகியவற்றின் அறிக்கைகள் சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போகும். சந்தேக அறிக்கை போன விஷயம் வாடிக்கையாளர் காதுக்கு எந்த வழியிலும் போகக் கூடாது. ஊர்க்காரர், சொந்தக்காரர், பக்கத்துக் கடைக்காரர் என்று எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் ஊர் இது. மேலும் கேள்வி கேட்டாலே அவருக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றினால், கேட்பதை நிறுத்திவிட்டு அறிக்கையை அனுப்ப விதியே இடம் தருகிறது.

கோப்பில் எழுதும் குறிப்பைப் பற்றிக் கடைசியாக. "வெளிநாட்டு உள்நுழைவு, வாடிக்கையாளரிடம் பேசியாச்சு, ஓகே" என்று எழுதிய குறிப்பை நான்கு வருடம் கழித்து எடுத்துப் படித்தால் யாருக்கும் எதுவும் புரியாது. பரிவர்த்தனைப் பதிவை ஐந்து ஆண்டும், அடையாள ஆவணங்களைக் கணக்கு மூடியபின் ஐந்து ஆண்டும் வைத்திருக்க வேண்டும். அதற்குள் நீங்கள் வேறு கிளைக்குப் போயிருப்பீர்கள். இப்படி எழுதுங்கள்: "14-ஆம் தேதி காலை 11.10, உள்நுழைவு. ஐபி இந்தியா, செயற்கைக்கோள் இருப்பிடம் அபுதாபி, போன் நேர மண்டலம் அமீரகம். கணக்கு என்ஆர்ஓ. பாஸ்போர்ட்டில் அமீரக வேலை விசா, செல்லுபடி உள்ளது, நகல் கோப்பில். இந்திய சிம் ரோமிங் என்று பதிவான எண்ணில் பேசி உறுதி செய்தது 12.30. தொகை 42,000, மனைவி கணக்குக்கு, மாதாமாதம் போகும் அளவே. நாட்டு மதிப்பெண்ணில் மாற்றமில்லை. கையெழுத்து, தேதி."